“எத்தனை டிகிரி?”: ஒரு வாடகைக் கோட்டும் இரண்டு இலவச அறிக்கைகளும்

கடைக்காரப் பெண் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை டிகிரி?”

“மைனஸ் 5. மிஞ்சினால் மைனஸ் 8” என்றேன். கொஞ்சம் அலட்சியமாகத்தான் சொல்லியிருப்பேன். சிங்கப்பூரில் ஜூரோங் பக்கம் ஒரு குளிர்பதனக் கிடங்கில் 19 ஆண்டுகளாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். மீனும் கோழியும் அட்டைப்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கும் மைனஸ் 20 அறைக்குள் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை போய் வருகிறவன். மழை விடாமல் பெய்து வெளியே 23 டிகிரி வந்தாலே நம் ஊரில் வாட்சாப்பில் படம் போடுவார்கள். அதெல்லாம் ஒரு குளிரா என்று சிரிக்கும் ஆள் நான்.

அவர் ஒரு கோட்டை எடுத்து வந்தார். வாத்து இறகு அடைத்தது, முழங்கால் வரை நீளம், உள்ளே ‘மைனஸ் 20 வரை’ என்று ஒரு சீட்டு. கூடவே கம்பளிக் கையுறை, காதை மூடும் தொப்பி, உள்ளே ரோமம் வைத்த பனி பூட்ஸ். 12 நாளுக்கு வாடகை 165 சிங்கப்பூர் வெள்ளி, முன்பணம் 200 வெள்ளி. எல்லாம் சுத்தமாக, மணமாக இருந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பேரங்காடிக்குள் இருக்கும் கடை, பெயர் வேண்டாம். அவர்கள் என்னை ஏமாற்றவில்லை. நான்தான் தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டேன்.

அக்கா மகன் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் படிக்கிறான். இரண்டு குளிர்காலமாக மலையேறும் நண்பர்களோடு சுற்றி நன்றாகத் தேறியிருக்கிறான். “மாமா, சீனப் புத்தாண்டு லீவுக்கு வாங்க, கேர்ன்கார்ம் மலை ஏறலாம்” என்றான். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். 1,245 மீட்டர் என்றான். நான் மலேசியாவின் கினபாலு மலை ஏறியிருக்கிறேன், அது 4,095. அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லையே! சரி, உடம்பைத் தயார் செய்ய புக்கிட் தீமா குன்றும் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் 16 மாடிப் படிக்கட்டும் போதும் என்று முடிவு செய்தேன். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஆறு தடவை. ஏழாவது மாடிப் பாட்டி, “பாவம், லிஃப்ட் பழுதா?” என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

எடின்பரோவில் மூன்று நாள் அந்தக் கோட்டு அருமையாக உழைத்தது. கோட்டை வாசலில் படம் எடுக்க, பேருந்துக்குக் காத்திருக்க, இரவு கடைவீதியில் நடக்க, ஒரு குறையும் சொல்ல முடியாது. சோல், ஹொக்கைடோ என்று பனி பார்க்கப் போகிற குடும்பங்களுக்கு அந்தக் கடையைத் தயங்காமல் சொல்வேன். நகரத்துக்கு நாலரை நட்சத்திரம். கையுறையில் ஒரு விரல் தையல் விட்டிருந்ததால் அரை நட்சத்திரம் குறைத்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம் ஏவிமோர் போய்ச் சேர்ந்தோம். கேர்ன்கார்ம் மலைகளின் அடிவாரத்துச் சிற்றூர் அது. விடுதி அறையில் மருமகன் மடிக்கணினியைத் திறந்து இரண்டு பக்கங்களைக் காட்டினான். இந்த மதிப்புரையில் நான் உண்மையாகப் புகழ நினைப்பது அந்த இரண்டையும்தான். இரண்டுக்கும் காசில்லை.

முதலாவது எம்டபிள்யூஐஎஸ், மலை வானிலைத் தகவல் சேவை. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி ஒவ்வொன்றுக்கும் தனி அறிக்கை, தினமும் சாயங்காலத்துக்குள் மறுநாளைக்கானது வந்துவிடும். நான் நேராக வெப்பநிலையைத் தேடினேன். அது கீழே எங்கோ இருந்தது. மேலே முதல் கேள்வியே காற்று எவ்வளவு என்பதுதான். அதற்கு அடுத்த வரியைப் பார்த்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: அந்தக் காற்று உங்களை என்ன செய்யும்? இப்படி ஒரு தலைப்பே வைத்து எழுதுகிறார்கள். நடக்கச் சிரமமாக இருக்குமா, முகட்டில் நிற்கவே முடியாதா என்று மனிதரின் காலை வைத்துச் சொல்கிறார்கள். அப்புறம் மழையா பனியா, மேகம் எந்த உயரத்தில், சிகரம் கண்ணுக்குத் தெரிய எத்தனை சதவீத வாய்ப்பு, 900 மீட்டரில் குளிர் எவ்வளவு, எந்த உயரத்துக்கு மேல் உறைநிலை என்று வரிசையாக வருகிறது.

மறுநாளைக்குப் போட்டிருந்தது மணிக்கு 50 முதல் 60 மைல், சில நேரம் அதற்கும் மேல். கிலோமீட்டரில் 80 முதல் 100. (மைலில் போடுவது எனக்கு ஒரு குறை. ஒவ்வொரு தடவையும் ஒன்றரையால் பெருக்கி, மேலே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.)

“மைனஸ் 5தானேடா போட்டிருக்கிறான்” என்றேன்.

“மாமா, டிகிரியை விடுங்க. காத்தைப் பாருங்க.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அதுவும் வெட்கத்தோடு. எங்கள் கிடங்கில் பிளாஸ்ட் ஃப்ரீசர் என்று ஒன்று உண்டு, பெரிய ஃபேன் வைத்துக் குளிர்காற்றைப் பொருள்மேல் அடிக்கும் அறை. சாதாரண அறையில் வைத்தால் ஒரு பெட்டி மீன் நடுவரை உறைய ஒரு நாளுக்கு மேல் ஆகும். பிளாஸ்ட் ஃப்ரீசரில் அதே பெட்டி சில மணி நேரத்தில் கல்லாகிவிடும். அங்கே குளிரும் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் ஃபேன் நின்றுபோனால் எத்தனை மைனஸ் வைத்தாலும் மீன் உறையாமல் கிடக்கும், இரவு இரண்டு மணிக்கு எனக்கு போன் வரும். பொருளை ஒட்டி நிற்கும் லேசான சூட்டுக் காற்றை ஃபேன் அள்ளிக்கொண்டு போய்விடுவதுதான் சூட்சுமம். 19 வருடமாக அந்த ஃபேனுக்கு பெல்ட்டும் பேரிங்கும் மாற்றுகிறவனுக்கு, அந்தப் பெட்டிக்குள் இருக்கும் மீன் நாளைக்கு நான்தான் என்று தோன்றவில்லை.

பிள்ளைகள் சின்ன வயதில் ஜூரோங் ஈஸ்ட் ஸ்னோ சிட்டிக்குக் கூட்டிப் போனபோதும் உள்ளே மைனஸ் 5தான். ஒரு மணி நேரம் சறுக்கி விளையாடிவிட்டு வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்டார்கள். அதே மைனஸ் 5-இல் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 16 போல இருக்கும். அதோடு காற்றின் வேகம் இரட்டிப்பானால் தள்ளும் விசை நாலு மடங்கு. ஃபேன் வேலை செய்கிற எவருக்கும் தெரிந்த கணக்கு இது. குளிர் ஒரு பக்கம், ஆளையே தள்ளிவிடுவது இன்னொரு பக்கம்.

இரண்டாவது பக்கம் எஸ்ஏஐஎஸ், ஸ்காட்லாந்தின் பனிச்சரிவுத் தகவல் சேவை. ஆறு மலைப்பகுதிகளுக்குக் குளிர்காலம் முழுக்க தினமும் அறிக்கை தருகிறார்கள். ஆட்கள் நேரில் மலைக்குப் போய்ப் பனியைத் தோண்டி அடுக்கு அடுக்காகப் பார்த்து எழுதுவது. ஆபத்தை ஐந்து நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். வட்டமான திசைகாட்டிப் படம் ஒன்று. எந்தத் திசையைப் பார்த்த சரிவு, எந்த உயரத்துக்கு மேல் ஆபத்து என்று வண்ணம் தீட்டியிருக்கும். அன்று வடக்கிலிருந்து கிழக்கு வரை பார்த்த சரிவுகளில், 900 மீட்டருக்கு மேல், இரண்டாம் நிலை. காரணமும் காற்றுதான். தென்மேற்கிலிருந்து அடித்த காற்று அந்தப் பக்கத்துப் பனியை வாரி, மலைக்கு மறுபக்கம் கொண்டுபோய்ப் பாளமாகப் படியவைத்திருந்தது. அந்தப் பாளம் கீழ் அடுக்கோடு சரியாக ஒட்டாமல் நிற்கும். 30 முதல் 45 டிகிரிச் சரிவில் ஒரு ஆள் மிதித்தால் போதும், தட்டு உடைவது போல மொத்தமாகக் கிளம்பும். வானத்திலிருந்து பனியே விழாத நாளிலும் பனிச்சரிவு ஆபத்து கூடலாம் என்பது எனக்குப் புதுச் செய்தி. எஸ்ஏஐஎஸ் படத்தைப் படிக்க முதல் தடவை அரை மணி நேரம் ஆனது, பழகாதவர்களுக்குக் கண்ணைக் கட்டும். அது மட்டும்தான் குறை.

மறுநாள் மலைக்குப் போகவில்லை. விடுதிச் சன்னலில் இருந்து பார்த்தால் பைன் மரங்கள் பேயாடிக்கொண்டிருந்தன. அன்று உருப்படியாகச் செய்தது, ஊரில் ஒரு மலைக்கடையில் போய் நின்றதுதான். அந்தப் பையன் டிகிரி கேட்கவில்லை. “எங்கே போகிறீர்கள், யாரோடு?” என்று கேட்டான். என் ரோமம் வைத்த பூட்ஸை வாங்கி இரண்டு கையாலும் வளைத்தான். சப்பாத்தி போல மடிந்தது. கிராம்பான் என்கிற இரும்புப் பல்லை மாட்டவேண்டுமானால் அடிப்பாகம் வளையக்கூடாது, வளைந்தால் நடக்கும்போது கழன்றுவிடும் என்றான். விறைப்பான பூட்ஸ், அதற்குப் பொருந்தும் கிராம்பான், பனிக்கோடரி, தலைக்கவசம், நீர் புகாத மேல்சட்டையும் காற்சட்டையும், எல்லாம் இரண்டு நாளுக்கு 58 பவுண்டு. அரை மணி நேரம் நின்று அளவு பார்த்தான். கூட்டம் இருந்தும் முகம் சுளிக்கவில்லை.

வழிகாட்டிக்கு இருவரும் சேர்ந்து ஒரு நாளைக்கு 240 பவுண்டு கொடுத்தோம், இரண்டு நாள். அதிகம்தான். அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி. கார் நிறுத்துமிடத்திலேயே என் சட்டையைப் பிடித்துப் பார்த்து, “பருத்தியா? மாற்றுங்கள்” என்றார். கம்பெனி டி-சட்டை அது, ராசியானது. பருத்தி வேர்வையைக் குடித்துவிட்டு உலராமல் உடம்போடு ஒட்டி நிற்கும். அப்புறம் வாத்து இறகுக் கோட்டைப் பார்த்தார். இங்கே குளிர்காலம் ஈரமானது, ஒரே நாளில் மழை, பனிமழை, பனி மூன்றும் வரும், நனைந்த இறகு சுருங்கி ஒட்டிக்கொண்டு சூட்டைப் பிடிக்காது என்றார். கோட்டு காரிலேயே தங்கியது. கிளம்பும்போது கொஞ்சம் குளிரத்தான் வேண்டும் என்பது அவர் கட்டளை. சூடாகக் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வேர்க்கும், நின்றால் அந்த வேர்வையே உறையும். ஈரமான பொருளை ஃப்ரீசரில் வைக்காதே என்று நான் புதுப் பையன்களுக்குச் சொல்வதும் இதுதான்.

முதல் நாள் முழுக்கப் பாடம். கார் நிறுத்துமிடமே சுமார் 630 மீட்டர் உயரத்தில், ஏறவேண்டியது பாதிதான். பூட்ஸ் முனையால் பனியில் உதைத்துப் படி வெட்டுவது, கோடரியை எப்போதும் மேட்டுப் பக்கத்துக் கையில் பிடிப்பது, கிராம்பான் பல் காற்சட்டையில் மாட்டாமல் கால் அகட்டி நடப்பது. அப்புறம் விழுவது. பாறையில்லாத, கீழே தானாகத் தேங்கி நிற்கும் ஒரு சரிவைத் தேர்ந்தெடுத்து எங்களை வேண்டுமென்றே சறுக்கவிட்டார். கோடரியை மார்புக்குக் குறுக்கே பிடித்து, அலகைப் பனியில் குத்தி, உடம்பு எடையை அதன்மேல் போடவேண்டும். கிராம்பான் இருந்தால் காலை மடக்கித் தூக்கிக்கொள்ளவேண்டும், பல் பனியில் மாட்டினால் ஆளைக் குட்டிக்கரணம் அடிக்கவைக்கும். தலைகீழாக, மல்லாந்து, பக்கவாட்டில் என்று இருபது தடவையாவது விழுந்திருப்பேன். 51 வயதில் முட்டி நீலம் பாரித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். இதற்காக மட்டுமே அந்தக் காசு தகும்.

ஒரு குறை: சாப்பாட்டு இடைவேளை நாலே நிமிடம். நின்றபடியே. நான் கொண்டுபோன சாக்லேட் பல்லை உடைக்கும் அளவுக்குக் கல்லாகியிருந்தது. நம் ஊர்த் தேக்காச் சந்தையில் வாங்கிய முறுக்கும் கடலை மிட்டாயும்தான் கைகொடுத்தன. வழிகாட்டி நாலு முறுக்கு சாப்பிட்டார்.

இரண்டாம் நாள் அறிக்கை 35 மைல், பிற்பகலில் கூடும் என்றிருந்தது. மேகம் 900 மீட்டரில். காலை எட்டு மணிக்குத்தான் விடிந்தது, ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும். வருடம் முழுக்க ஏழுக்கு விடிந்து ஏழுக்கு இருட்டும் ஊர்க்காரனுக்கு இது ஒரு தனிக் கணக்கு. அவர் முதல் வேலையாகத் திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டார்: ஒரு மணி, எங்கே இருந்தாலும்.

மேகத்துக்குள் போனதும் உலகம் காணாமல் போனது. தரையும் வெள்ளை, காற்றும் வெள்ளை, இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை. மேடு எது பள்ளம் எது என்று கால் வைத்த பிறகுதான் தெரியும். அவர் அடிக்கடி ஒரு பனி உருண்டை பிடித்து முன்னால் எறிந்தார். அது விழுந்து கிடந்தால் அங்கே தரை இருக்கிறது. மறைந்துபோனால் நிற்கவேண்டும். எங்களுக்கு வலப்பக்கம் மலையின் செங்குத்தான விளிம்பு. அதில் காற்று கட்டிய பனிக்கூரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மேலிருந்து பார்த்தால் தரை போலவே தெரியுமாம். திசைகாட்டியில் கோணம் வைத்து, அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தார். என் கைப்பேசி 60 சதவீதம் காட்டிவிட்டுச் சட்டென்று அணைந்தது. பேட்டரி குளிரில் அப்படித்தான்.

பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என்னிடம் ஏதாவது கேட்டார். பிள்ளைகள் எத்தனை, என்ன படிக்கிறார்கள், முறுக்கு எப்படிச் சுடுவது. நல்ல மனுஷி, பேச்சுத்துணைக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். வாய் குழறுகிறதா என்று பார்க்கிறார் என்பதை மருமகன் இரவில்தான் சொன்னான். உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் முதலில் பேச்சும் காலும் தடுமாறும், குளிர்கிறவருக்கே அது தெரியாது.

கம்பளிக் கையுறையை ஒரு கொக்கி மாட்டுவதற்காக ஒரு நொடி கழற்றினேன். அதோடு சரி. காற்று வாங்கிக்கொண்டு போய்விட்டது. கண்ணாடியில் பனி ஒட்டி ஒன்றும் தெரியவில்லை, தூள் பனி ஊசி போல முகத்தில் குத்தியது. அவர் பையிலிருந்து உபரிக் கையுறையும் காகிள்ஸும் வந்தன. கற்களின் மேல் பனி இறகு இறகாக முளைத்திருந்தது, காற்று வரும் திசையை நோக்கி. கிடங்கில் குளிரூட்டும் குழாய்ச் சுருளில், எவாப்பரேட்டர் காயிலில், இதைத் தினமும் சுரண்டுகிறேன், ஆனால் அங்கே இவ்வளவு அழகில்லை. இந்தச் சிகரத்தில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் தானியங்கி வானிலை நிலையம் ஒன்று 1977 முதல் இருக்கிறது. கருவி உறைந்துபோகாமல் சூடேற்றிய உருளைக்குள் ஒளிந்திருந்து, அரை மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து அளந்துவிட்டு உள்ளே போய்விடும். உறைபனியை உருக்க நாங்கள் வைத்திருக்கும் டிஃப்ராஸ்ட் ஹீட்டரின் அண்ணன். 1986 மார்ச்சில் மணிக்கு 173 மைல் வீச்சை அது பதிவு செய்திருக்கிறது, 278 கிலோமீட்டர். அந்த நிலையத்தை நேரில் பார்க்கத்தான் நான் மிகவும் ஆசைப்பட்டேன்.

1,141 மீட்டரில் ஒரு கற்குவியல். அங்கே மணி 12.40. காற்று சொன்னதைவிட முன்னாலேயே கூடிவிட்டது. இரண்டு கால் ஊன்றி, கோடரியையும் ஊன்றினால்தான் நிற்க முடிந்தது. இன்னும் 104 மீட்டர்தான். என் புளோக்கை இரண்டு தடவை ஏறி, மூன்றாவது தடவை அந்தப் பாட்டி வீட்டு வாசல் தாண்டுகிற உயரம். “இருபது நிமிடம் இருக்கிறதே” என்று கத்தினேன். அவர் தலையை ஆட்டவில்லை, திரும்பி நடக்க ஆரம்பித்தார். கீழே மேகத்துக்கு வெளியே வந்த பிறகு சொன்னார்: 1971 நவம்பரில் இந்த மலைமேட்டில், பனிப்புயலில் ஒதுங்கிடக் குடிலைக் கண்டுபிடிக்க முடியாமல் ஆறு பேர் இறந்தார்கள், ஐந்து பேர் எடின்பரோ பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் 18 வயதுப் பயிற்சி வழிகாட்டி. அதற்குப் பிறகு மேலே இருந்த அந்தக் குடிலையே எடுத்துவிட்டார்கள். குடில் இருக்கிறது என்கிற நம்பிக்கைதான் ஆட்களை மேலே இழுக்கிறது என்று.

அங்கே மலை மீட்புக் குழுவினர் தொண்டூழியர்கள், காசு வாங்குவதில்லை. 999 அழைத்து முதலில் போலீஸ் கேட்டு, அவர்களிடம் மலை மீட்பு என்று சொல்லவேண்டும். போன் செத்துப்போனால் நிமிடத்துக்கு ஆறு விசில், ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். போகிறவர்கள் விசில் வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று வெள்ளிதான்.

அக்காவிடம் இதுவரை நாங்கள் சிகரம் ஏறியதாகத்தான் இருக்கிறது. இருவரும் பேசி வைத்துக்கொண்டோம்.

ஊர் திரும்பி இரண்டாம் நாள் கோட்டைக் கொடுக்கப் போனேன். அதே பெண். கோட்டை உதறிப் பார்த்தார், கறை இல்லை. காணாமல் போன ஒற்றைக் கையுறைக்கு 12 வெள்ளி பிடித்துக்கொண்டு மீதி முன்பணத்தைத் தந்தார். நியாயம்தான். பதிவேட்டில் எழுதுவதற்காகவோ, சும்மாவோ, “எத்தனை டிகிரி இருந்தது?” என்று கேட்டார்.

“மைனஸ் 5.”

“ஓ, அவ்வளவுதானா” என்றார்.